யோனா கதையின் மிச்சம்

பிப்ரவரி 6

அம்மாவுக்கு,

மகள் எழுதுகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? முன்பெல்லாம் அப்பாவுக்குத்தான் எழுதுவேன். அவர் அனுப்பும் பதிலின் அடியில் உங்கள் கையெழுத்தில் ‘அம்மாவும் நலம்’ என்று ஒரு வரி இருக்கும். இப்போது முழுக் கடிதமும் உங்களுக்கே என்பதால் எப்படித் தொடங்குவது என்று பிடிபடாமல் மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். போனில் கூப்பிட்டிருப்பேன். ஆனால் அப்பாவை அடக்கம் செய்த அடுத்த வாரம் நாம் பேசியபோது, “இனிமே எதுவா இருந்தாலும் எழுது, வாயால வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். அதை நான் மீறவில்லை.

உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும்.

எங்கள் கம்பெனியில் பைபிள் கதைகளை அனிமேஷன் படங்களாக எடுக்கிறார்கள் என்று அப்பா சொல்லியிருப்பார். இப்போது எடுப்பது யோனா. பொல்லாத ஊராகிய நினிவேக்குப் போய் எச்சரி என்று கடவுள் சொல்கிறார். இவர் எதிர்த் திசையில் கப்பல் ஏறி ஓடுகிறார். புயல் வருகிறது, மீன் விழுங்குகிறது, கரையில் கக்குகிறது. வேறு வழியில்லாமல் போய் எச்சரிக்கிறார். ஊர் திருந்துகிறது, கடவுள் மன்னித்துவிடுகிறார். இதுவரை எங்கள் ஆபீஸில் யாருக்கும் சண்டை இல்லை.

இதற்குப் பின்னால் வருவதைத்தான் வரையச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். ஊரை மன்னித்துவிட்டாரே என்று யோனாவுக்குக் கோபம். ஊருக்கு வெளியே போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறார். நிழலுக்கு ஓர் ஆமணக்குச் செடி முளைக்கிறது. மறுநாள் புழு அரித்து அது வாடுகிறது. செடி போயிற்றே என்று இவர் புலம்புகிறார். கடவுள் ஒரு கேள்வி கேட்கிறார். பதில் வருவதற்கு முன்பே புத்தகம் முடிந்துவிடுகிறது.

தயாரிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. “குடும்பத்தோட வர்றவன் கேள்வியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போவானா? ஊர் திருந்திச்சா, ஒரு பாட்டு, எல்லாரும் ஆடணும், விளக்கு போடணும். தீர்ந்தது” என்கிறார். டைரக்டர் என் பக்கம். கடைசியில், பாதி முடிந்த படத்தைச் சில பங்குக் கோவில்களுக்கு அனுப்பி, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது என முடிவாயிற்று. நான் நம் பங்கின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் அவர்களோடு உட்கார்ந்து பார்த்து, யார் என்ன சொன்னார்கள் என்று அப்படியே எழுதி அனுப்ப வேண்டும். யாருக்காகவும் கூட்டிக் குறைத்து எழுதாதவர் என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்.

ஜனங்கள் வேண்டாம் என்றால் என் பகுதி முழுவதும் போய்விடும். மழைக்காலம் தொட்டு அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.

படம் வெறும் பென்சில் கோடாகத்தான் இருக்கும், வண்ணம் கிடையாது. பேச்சும் நடிகர்கள் பேசியதல்ல. ஆபீஸில் இருப்பவர்களே ஒப்புக்குப் பேசி வைத்திருக்கிறோம். பிறகு மாற்றிவிடுவார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள் மகள்


பிப்ரவரி 15

மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன், எண்ணெய்தான் தீர்கிறது. கொல்லைக் குழாய் மறுபடி ஒழுகியது. உபதேசியார் கயிறு சுற்றிவிட்டுப் போனார். கோவில் வேலையைத் தவிர மற்ற எல்லா வேலையும் அவருக்கு நன்றாக வருகிறது.

கையெழுத்தைக் கவனி. மடத்துப் பள்ளியில் இப்படிச் சாய்த்து எழுதினால் மதர் எங்களை வெயிலில் நிற்க வைத்திருப்பார்.

நீ கேட்டதைச் செய்கிறேன். ஆனால் நீ என் மகள் என்பதற்காக ஒரு வார்த்தையும் கூடுதலாக எழுத மாட்டேன். பார்ப்பதற்கு முன்பே என் எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா படத்தைப் பார்த்துவிட்டுக் குறை கண்டுபிடித்தாள் என்ற பேச்சு வேண்டாம். மீன் பேசக் கூடாது. கப்பல்காரர்கள் கோமாளித்தனம் செய்யக் கூடாது. போன வருஷம் இங்கே ஒரு நோவா படம் போட்டார்கள். அதில் ஒட்டகச்சிவிங்கி கண்ணடித்தது. பிரளயத்தில் உலகமே அழிகிறது, இது கண்ணடிக்கிறது. தீர்க்கதரிசியை அழகனாகக் காட்ட வேண்டியதில்லை. மீனின் வயிற்றுக்குள் இருந்து வந்தவன் வாரிய தலையோடு வரக் கூடாது. திமிங்கிலம் என்று யாரும் சொல்லக் கூடாது. பைபிளில் பெரிய மீன் என்றுதான் இருக்கிறது.

எங்கள் மதர் சொன்ன யோனாவைத்தான் நான் முதலில் பார்த்தேன். பலகை மேல் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். துணியில் வெட்டிய உருவங்களை அதன்மேல் வைத்தால் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். மதர் ஒரு கையால் கப்பலை நகர்த்துவார், மறு கையில் மணி. அந்த மீன் சாம்பல் நிறம், அவருடைய பழைய அங்கியில் வெட்டியது. அது பலகையில் ஏறும்போது கடைசி பெஞ்சு வரை மூச்சு நின்றுவிடும். அசையவே அசையாது அந்த மீன், ஆனால் இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு அது நீந்துகிறது.

நான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது அதே மாதிரி ஒன்று செய்தேன். அப்பாவின் நீலச் சட்டையை வெட்டினேன், கிழியாத சட்டை என்று அவர் மூன்று நாள் முணுமுணுத்தார். வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ மீனுக்கு மையால் இமை வரைந்துவிட்டாய். “மீனுக்கு இமை கிடையாதுடி” என்றேன். “பாவம், தூங்க வேண்டாமாம்மா?” என்றாய். அழிக்கப் பார்த்தேன், துணியில் ஊறிவிட்டது. இந்தப் பங்கில் இரண்டு தலைமுறை, மீனுக்கு இமை உண்டு என்று நம்பி வளர்ந்தது.

சாமியாரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் போடுகிறார்கள். படம் வரைந்தது உங்கள் மகள் என்று அறிவிக்கலாமா என்று கேட்டார். வேண்டியதில்லை என்றேன்.

அம்மா


மார்ச் 1

அன்புள்ள அம்மாவுக்கு,

கையெழுத்தை நிமிர்த்தியிருக்கிறேன். வெயிலில் நிற்கத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

பெயரைச் சொல்ல வேண்டாம் என்றது சரிதான். கன்னியர் மடத்துக்குப் போய்விட்டுப் பாதியில் பெட்டியோடு திரும்பி வந்தவள் வரைந்தது என்றால் ஜனங்கள் படத்தைப் பார்க்க மாட்டார்கள், உங்களைத்தான் பார்ப்பார்கள்.

மற்ற பங்குகளிலிருந்து வந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஓர் இடத்தில், யோனாவுக்குத் தாடி போதாது என்றார்கள். இன்னோர் இடத்தில், படத்தில் ஒரு தேவதூதராவது வேண்டாமா, தூதர் இல்லாமல் என்ன பைபிள் படம் என்று சண்டை. ஒரு பெரியவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், எல்லாம் மீனுக்குள் காற்று எப்படி வந்தது என்பதைப் பற்றியே. மீன் சிரிக்க வேண்டும் என்று எல்லாக் குழந்தைகளும் சொல்லியிருக்கின்றன. கண்ணடிக்கவாவது வேண்டாமா என்று எங்கள் தயாரிப்பாளர் கேட்டார். என் அம்மா அந்தப் பங்கில் இருக்கிறார் என்று சொன்னேன். பேச்சை விட்டுவிட்டார்.

அவரவர் சின்ன வயதில் யார் வாயால் கேட்டார்களோ அந்த யோனாவைத்தான் திரையில் தேடுகிறார்கள் அம்மா. நானும் அப்படித்தான். வரைய உட்கார்ந்தால் முதல் பெஞ்சும், உங்கள் பலகையும், சாக்பீஸ் பட்ட உங்கள் சேலை முந்தானையும்தான் வருகின்றன. ஊர் திருந்தியதும் நீங்கள் மீனை எடுத்து டப்பாவில் வைப்பீர்கள். நான், “அப்புறம்?” என்பேன். “அப்புறம் மணி அடிச்சாச்சு. செபம் சொல்லிட்டு வீட்டுக்குப் போற வழியைப் பாரு” என்பீர்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்பேன். “டீச்சர் முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான் மைனா, எனக்கு எதுக்கு வம்பு” என்பார்.

மிச்சத்தை நான் மடத்தில்தான் படித்தேன். காலை வாசகம் என் முறை. செடிக்காக அவர் கடவுளிடம் சண்டை போடும் இடம் வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வாசகத்தை நிறுத்திவிட்டேன். அதற்கு ஒரு வாரம் பாத்திரம் துலக்கும் தண்டனை. ஆனால் துலக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருந்தது. கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் பக்கத்தில் கடவுள் வந்து உட்கார்ந்து பேசுகிறார், விட்டுவிட்டுப் போகவில்லை. நீங்கள் இதை ஏன் எங்களுக்குச் சொல்லவே இல்லை என்று அன்றே எழுதிக் கேட்க நினைத்தேன். அப்புறம் என்னென்னவோ ஆகிவிட்டது.

படத்தை ஒரு பென் டிரைவில் சாமியார் பெயருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் கண்டிப்பாகத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். வெளியே போனால் வேலைக்கே ஆபத்து.

உங்கள்
மகள்


மார்ச் 17

அன்பு மகளுக்கு,

நேற்று படம் போட்டார்கள். நீ கேட்டபடி நடந்ததை எழுதுகிறேன்.

மண்டபம் உனக்குத் தெரியும். இப்போது பிளாஸ்டிக் நாற்காலி, உட்கார்ந்தால் அசைகிறது. மேடையில் உபதேசியார் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார். நடுவே மடிப்புக் கோடு இருந்ததால் முதல் பாதி முழுவதும் யோனாவின் மூக்கு இரண்டாகத் தெரிந்தது. அது உங்கள் குற்றமல்ல. கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகம். பெரும்பாலும் என் பழைய வகுப்புப் பிள்ளைகள், தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் மூன்றாம் வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்தேன், காலை நீட்ட வசதியாக.

படம் தொடங்கியதும், யோனா தூங்குகிறான், கடவுளின் குரல் கேட்கிறது. “எழுந்திரு” என்கிறது. அந்தச் சமயம் என் முழங்கால் பிடித்துக்கொண்டதால் நான் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. உபதேசியார் பதறிப் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டு, “டீச்சருக்கு என்ன வேணும்?” என்றார். ஒன்றும் வேண்டாம், ஓட்டுங்கள் என்றேன். இதனால் தொடக்கத்தை இரண்டாம் தடவை பார்க்க நேர்ந்தது.

குரலைப் பற்றிப் பலரும் பேசினார்கள். பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன், “என்னங்க இது, கடவுளுக்குப் பொம்பளக் குரலா? இடி இடிக்க வேணாமா?” என்றான். அவனுக்குப் பின்னால் ஒருவர், “இடி எங்க, ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு” என்றார். சிரித்தார்கள். கடவுள் பேசினால் நாற்காலி அதிர வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளவும். என் கருத்து என்று இதில் எதுவும் எழுதவில்லை.

புயல் நன்றாக இருந்தது. வெறும் கோட்டில் கடலை அப்படி எழுப்ப முடியும் என்று எனக்குத் தெரியாது. குழந்தைகள் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். மீன் வந்ததும் ஒரே இரைச்சல். கோவில் வாசலில் தைக்கிற அந்தப் பெண், என்னிடம் படித்தபோது எல்லாக் கேள்விக்கும் முதலில் கை தூக்குவாளே, அவளேதான், “ஐயோ, இமையைக் காணோமே! நம்ம டீச்சர் மீனுக்கு எவ்ளோ அழகா இமை இருக்கும்!” என்றாள். பக்கத்தில் இருந்தவர்களும், ஆமாம், இது நம் மீன் மாதிரி இல்லை என்றார்கள். மீனுக்கு இமை கிடையாது என்று நான் திரும்பிச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

ஊர் திருந்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். பலர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். உபதேசியார் விளக்குப் பொத்தானில் கை வைத்துவிட்டார். படம் முடியவில்லை, தொடர்ந்து ஓடுகிறது.

கை வலிக்கிறது. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 18

நேற்று விட்ட இடத்திலிருந்து.

கடைசிப் பகுதி ஓடும்போது மண்டபத்தில் முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. செடி முளைத்தபோது குழந்தைகள் சிரித்தன. புழுவை நன்றாக வரைந்திருக்கிறாய், அதற்கு ஒரு கடமையுணர்ச்சி இருந்தது. யோனா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வெள்ளைத் தாளில் வேறு ஒன்றும் இல்லை, அவனும் அவன் நிழலும்தான். கடவுள் கேட்கிறார், இவ்வளவு கோபம் உனக்குத் தகுமா என்று. தகும் என்கிறான் அவன். மறுபடி ஒரு கேள்வி, நீ நட்டு வளர்க்காத செடிக்காக இவ்வளவு இரங்குகிறாயே, இத்தனை ஜனம் உள்ள ஊருக்காக நான் இரங்கக் கூடாதா என்று. திரை வெறுமையாகிவிட்டது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததா, மின்சாரம் போய்விட்டதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கிட்டார்க்காரன், “இது பைபிள்லயே இல்லைங்க. சினிமாக்காரங்க சேர்த்தது. தீர்க்கதரிசி இப்படிச் சின்னப் பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாரா?” என்றான். நாலு பேர் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். சாமியார் எழுந்தார். இந்த வருஷம்தான் நம் பங்குக்கு மாற்றலாகி வந்தவர், சின்ன வயது. அவர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரப் பெண், “சாமி, நீங்க இருங்க. டீச்சர் சொல்லட்டும். டீச்சர், நீங்க சொன்ன கதை ஊரு திருந்துனதோட முடிஞ்சுது இல்ல?” என்றாள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அத்தனை பேரும் நான் சொல்லிக்கொடுத்த கதையைத்தான் பைபிள் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து நின்றேன். “இருக்கு. நாலாம் அதிகாரம். வீட்டுக்குப் போய்ப் படிங்க” என்றேன்.

“அப்ப எங்களுக்கு ஏன் டீச்சர் சொல்லல?”

“மணி அடிச்சுடும்” என்றேன்.

பெரிதாகச் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனால் அது முழுக் காரணமும் அல்ல. கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய மனிதரைப் பிள்ளைகள் முன்னால் காட்டுவது ஒழுங்கல்ல என்று எங்கள் மதர் நினைத்தார். அவர் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தினேன். அதற்கு மேல் ஒரு துணி உருவம்கூட வெட்டியதில்லை.

தையல்காரப் பெண்ணின் மகள் சிறியவள், நாற்காலி மேல் ஏறி நின்று, “அப்புறம் அவரு என்ன பதில் சொன்னாரு?” என்றாள். யாருக்கும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பான் என்றார் ஒருவர். எங்கே கேட்கிறது, அந்த ஆளைப் பார்த்தால் தெரியவில்லையா, அங்கேயே உட்கார்ந்திருப்பான் என்றார் உபதேசியார். ஊருக்குள் போய்ச் சாப்பிட்டிருப்பான், பசி எடுக்காதா என்றாள் தையல்காரப் பெண். இந்த வாக்குவாதம் நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் உபதேசியார் மின்விசிறியை அணைத்துத்தான் ஆட்களை வெளியேற்றினார்.

ஆகவே என் அறிக்கை இது. முடிவு பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை. பொய் எழுத மாட்டேன். அவர்கள் எதிர்பார்த்தது பாட்டும் விளக்கும்தான். ஆனால் பிடித்தது என்றவர்கள் உடனே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிடிக்கவில்லை என்றவர்கள்தான் போகாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இதை உன் தயாரிப்பாளரிடம் சொல்.

வாசலில் தையல்காரப் பெண், யார் டீச்சர் இதை வரைந்தது என்று கேட்டாள். என் மகள் என்றேன்.

அம்மா


ஏப்ரல் 3

என் அன்பு அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை டைரக்டர் எல்லோருக்கும் உரக்கப் படித்தார். அந்தக் கடைசி வரிகளில் தயாரிப்பாளர் மோவாயைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, “போகாம நின்னாங்களா? அப்ப அடுத்த நாள் இன்னொருத்தனைக் கூட்டிட்டு வருவான்” என்றார். முடிவு அப்படியே இருக்கும் அம்மா. பாட்டு மட்டும் உண்டு, ஊர் திருந்தும் இடத்தில். கிட்டார்க்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

மீனுக்கு இமை வைக்கலாம் என்றும் முடிவாகிவிட்டது. உங்கள் பங்கு ஜெயித்துவிட்டது. மன்னிக்கவும்.

கடவுளின் குரலை மாற்றுகிறார்கள். எல்லாப் பங்குகளும் ஒரே மாதிரி எழுதியிருந்தன. இடி மாதிரிக் குரலுள்ள ஒரு நாடக நடிகர் வந்து பேசப் போகிறார். நானும் கேட்டேன். நாற்காலி அதிரத்தான் செய்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் படுக்கை விரிப்பின் மடிப்பு வரை எழுதினீர்கள். யார் எங்கே சிரித்தார்கள் என்று எழுதினீர்கள். அந்தக் குரலைப் பற்றி மட்டும் உங்கள் கருத்தை எழுதவில்லை. நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஒலிப்பதிவுக்கு அன்று வேறு யாரும் வராததால் என்னைப் பேசச் சொன்னார்கள். அப்பா போன பிறகு வந்த மழைக்காலம் அது. எனக்கு உண்மையிலேயே ஜலதோஷம். கடைசிக் கேள்வியைப் பேசும்போது நான் யாரை நினைத்துப் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். மரியாதைக் குறைவாக ஆகிவிடும்.

உங்களுக்குத் தெரிந்ததா அம்மா?

இன்னொன்று. எல்லாப் பங்குகளிலிருந்தும் பென் டிரைவ் திரும்பி வந்துவிட்டது, நம் பங்கிலிருந்து மட்டும் வரவில்லை. சாமியாரிடம் கேட்டால், டீச்சரிடம் கொடுத்துவிட்டேன் என்கிறார். நூலகப் புத்தகத்தை முந்தின நாளே கொண்டுபோய்க் கொடுக்கிறவர் நீங்கள். தபாலில் எங்காவது தொலைந்துவிட்டதோ என்று ஆபீஸில் கவலைப்படுகிறார்கள்.

மைனா


ஏப்ரல் 12

மைனாவுக்கு,

தபாலில் தொலையவில்லை. என் தையல் டப்பாவில் இருக்கிறது, பழைய மீனுக்குப் பக்கத்தில். திருப்பி அனுப்பும் உத்தேசம் எனக்கு இல்லை. உன் ஆபீஸில் அதற்கு என்ன விலை கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன். வேலைக்கு ஆபத்து என்றாயே, அம்மா திருடிவிட்டாள் என்று எழுதிக் கொடு. கையெழுத்தும் போட்டு அனுப்புகிறேன். வெளியே எங்கும் போகாது. உபதேசியார் மட்டும் சில சாயங்காலம் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து கடைசிப் பகுதியைப் போட்டுக் காட்டிவிட்டுப் போகிறார். பார்த்த படத்தையே எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று ஒரு நாள் கேட்டார். குழாய் மறுபடி ஒழுகுகிறது, அதைப் பாருங்கள் என்றேன்.

அன்றைக்கு என் முழங்கால் பிடிக்கவில்லை. “எழுந்திரு” என்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கனைப்பு வந்ததே, உன் அப்பா பேசத் தொடங்கும்போது கனைப்பாரே, அதுபோல. அதற்குப் பிறகு நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்? கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் நீ அதே கோவிலில் எத்தனை ஞாயிறு வாசகம் வாசித்திருக்கிறாய்.

கடைசிக் கேள்வி வந்தபோது, பெற்ற தாயைப் பார்த்து இப்படிக் கேட்க இவளுக்கு எவ்வளவு துணிச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். மரியாதைக் குறைவுதான். ஆனால் நீ அதட்டவில்லை. நாற்காலியை அதிர வைக்கும் குரலில் யாராவது அதைக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு அதட்டியிருப்பேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து மூக்கடைப்போடு கேட்டாய்.

யோனா, தகும் என்றான். நானும் அவன் கட்சியில்தான் இத்தனை வருஷம் இருந்தேன். நீ பெட்டியோடு வாசலில் வந்து நின்ற அன்றே உன் அப்பா உனக்குத் தோசை வார்த்துக் கொடுக்கப் போய்விட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கோவில் முழுக்க என் மகள் கன்னியாஸ்திரி ஆகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தவள் நான். எனக்குப் பாதிக் கோபம் உன்மேல், பாதிக் கோபம் அத்தனை சுலபமாக மன்னித்துவிட்டாரே என்று அவர்மேல். ஊருக்கு வெளியே உட்கார்ந்தவனை நான் ஏன் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை என்று கேட்டாய். மதரின் காரணத்தை எழுதிவிட்டேன். என் காரணம் இதுதான், அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.

தையல்காரப் பெண்ணின் மகள் தினமும் என்னை வாசலில் மடக்கி, “யோனா என்ன சொன்னாரு டீச்சர், கண்டுபிடிச்சீங்களா?” என்று கேட்கிறாள். இன்னும் இல்லை என்கிறேன். டீச்சருக்கே தெரியாதா என்று அவளுக்கு ஏமாற்றம். நாடக நடிகர் பேசும் படம் வந்ததும் அவளை அழைத்துப் போகிறேன். இமையையும் பார்த்துத் தொலைக்கிறேன்.

கூடத்தில் போன்மேல் போட்டிருந்த பூத்தையல் உறையை எடுத்துத் துவைத்துவிட்டேன். மறுபடி போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். நீ கூப்பிட்டால் எடுப்பேன். நான் அதிகம் பேச மாட்டேன், என் வாயைப் பற்றி எனக்கே நம்பிக்கை கிடையாது. பெட்டியோடு நீ இங்கிருந்து மடத்துக்குப் புறப்பட்டுப் போனாயே, அங்கிருந்து தொடங்கிச் சொல். நான் ‘ம்’ கொட்டுகிறேன்.

நடுவில் கோவில் மணி அடிக்கும். அதற்காக நிறுத்தாதே.

உன்
அம்மா